காலிப் பெட்டி

எங்கள் வீட்டுக்கு லட்சுமி முதலில் மஞ்சளாகத்தான் வந்தாள். முகம் மஞ்சள், புடவை மஞ்சள், உட்கார்ந்திருந்த தாமரையும் மஞ்சள். கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரில் கரைந்தாற்போல ஒரு மங்கல். அப்பா அந்தத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருவார். மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என்று நாலு தடவை மெஷினுக்குள் போய்வந்தால்தான் லட்சுமி முழு லட்சுமி ஆவாள். முதல் ஓட்டத்திலேயே கோணலாக விழுந்த தாள்கள் வேஸ்ட்டுக்குப் போகும். வேஸ்ட்டில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கு வரும். மங்கலான அந்த முகத்தில் நானே கண் வரைந்து பார்ப்பேன். அம்மா திட்டுவாள். சாமிக்குக் கண் திறக்கிறது விளையாட்டா என்பாள்.

1980-களின் சிவகாசி அது. எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட இடம் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ் என்று மூன்று ஆபீஸ்கள். ஊரில் பிறந்தவர் இந்த மூன்றில் ஒன்றுக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். அப்பா அச்சாபீஸில் ஆப்செட் மெஷின் ஓட்டினார். அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1920-களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையை அப்பா புராணம் போலச் சொல்வார். மழை பொய்த்த ஊர், குச்சியும் மருந்தும் காய்வதற்கு அந்த வெயில்தான் வேண்டியிருந்தது. குச்சிக்குப் பெட்டி, பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சு என்று ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று வந்தது. "பெட்டிக்காகத்தான்யா படம் வந்துச்சு. இப்போ படம் தனியா நடக்குது" என்பார். கதையின் கடைசி வரி எப்போதும் அதுதான்.

அப்படித் தனியாக நடந்த படங்கள் எங்கள் சுவர் முழுக்க இருந்தன. மண்சுவர் உதிராமல் இருக்க அம்மா வேஸ்ட் தாள்களை மைதாப் பசை காய்ச்சி ஒட்டிவிடுவாள். பிஸ்கட் லேபிள், ஊதுபத்தி லேபிள், வெடிக்கட்டின் மேல் ஒட்டுகிற குருவி, சங்குசக்கரம், இருமல் மருந்துப் பெட்டி விரித்த நிலையில், சோப்பு உறை ஒரு தாளுக்கு இத்தனை என்று வரிசை வரிசையாக. வீட்டில் குளிக்கிற சோப்பு ஒன்று இருக்கும், அதுவும் நாலாக அறுத்து. சுவரில் நானூறு சோப்பு இருந்தது. காய்ச்சலில் படுத்துக்கிடக்கும்போது அவற்றை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். அந்தப் பொருள்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எங்கெங்கோ தூரத்து ஊர்களில் தயாராகி, எங்கெங்கோ விற்றன. உறை மட்டும் எங்களிடமிருந்து போயிற்று. அடித்துக் கட்டி லாரியில் ஏற்றுவதோடு எங்களுக்கும் அவற்றுக்குமான உறவு முடிந்தது.

எனக்கு உயிராக இருந்தவை வேறு வகைத் தாள்கள். புது வேலை ஏற்றும்போது இங்க் நிதானப்படுகிற வரைக்கும் நல்ல தாளை விடமாட்டார்கள். பழைய வேஸ்ட்டையே எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு தாள் இப்படிப் பத்து வேலைகளை உடம்பில் வாங்கிக்கொண்டு கிடக்கும். முருகனின் மயில்தோகைக்குள் இருமல் மருந்து. தவழும் காலண்டர்க் குழந்தையின் கன்னத்தில் சங்குசக்கரம். தலைகீழாக ஒரு தீப்பெட்டிப் பூனை, அதன் மேல் யாரோ ஒரு ஜவுளிக்கடையின் விலாசம், அதற்கும் மேல் மூன்று நிறத்தில் விலகிய ஒரு நடிகையின் சிரிப்பு. எது முன்னால், எது பின்னால் என்று பிரிக்கமுடியாது. நான் தரையில் விரித்துப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு கதை வரும். மயில் மருந்து குடித்து இருமலை நிறுத்திக்கொண்ட கதை, குழந்தை வெடியை விழுங்கிய கதை. என் முதல் சினிமாக் கொட்டகை அந்தத் தாள்தான்.

அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, ரிஜிஸ்டர் விலகியிருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸ். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் அதை எடுத்து லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன் ஒருநாள். கன்னம் இல்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள், வட்டம் வட்டமாகச் சேர்ந்து குட்டிக்குட்டிப் பூக்கள். கண்ணுக்கு நகர்த்தினேன், அங்கும் புள்ளி. பக்கத்தில் கிடந்த பிஸ்கட் உறையில் வைத்தேன், அதே புள்ளி, அதே பூ. எனக்குப் பயமாகிவிட்டது. அப்பாவிடம் கேட்டபோது அவர் இன்னும் ஒன்றைச் சொன்னார். அச்சுக்கு வருகிற பிலிம் நாலும் கறுப்பு வெள்ளைதான், மஞ்சளுக்கான பிலிமில்கூட மஞ்சள் கிடையாது. "நிறமெல்லாம் நாம ஊத்துறதுதான்யா. அடியில ஒண்ணும் இல்ல." அவர் தொழிலைச் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், விடியுமுன் வந்து நிற்கிற வண்டியில் ஏறி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினாள். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி; குரோஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்து, மேல் தோலுக்கு மேல் இன்னொரு தோலாக இருக்கும். அதை உரித்து எடுத்து விளையாடுவது எனக்குப் பிடிக்கும். விரல் ரேகை அப்படியே பதிந்து, மெல்லிய உறை போல வரும். ஒட்டுகிற வேகத்தில் அவளுக்கு எண்ணத் தேவையில்லை, கை நிற்கிற இடத்தில் குரோஸ் நிறைந்திருக்கும். ராத்திரி சோறு பிசையும்போதும் அந்தக் கை ஒரே சீராகத்தான் போகும்.

1983-இல் எனக்கு எட்டு வயது. டைபாய்டு வந்து மூன்று வாரம் கிடந்தேன். தலைமாட்டுச் சுவரில் அப்போது புதிதாக ஒட்டிய சாக்லேட் உறை ஒன்று இருந்தது. கருநீலத்தில் பொன்னிற எழுத்து, ஓரத்தில் பால் கொட்டுகிற ஒரு படம். அந்த உறையின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். எடை எத்தனை கிராம் என்று தெரியும். மடிப்பு எங்கே வரும், எந்த விளிம்பில் பசை என்று தெரியும். சுவைதான் தெரியாது. அது வேண்டும் என்று கேட்டேன். அழுது கேட்டேன். அப்பா, "அது இங்க கடைக்கு வராதுய்யா, நாம அடிச்சுக் குடுக்கறதோட சரி" என்றார். இரண்டு நாள் கழித்து அக்கா ராத்திரி வந்ததும் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதே உறை. உள்ளே வெள்ளித்தாள். அச்சாபீஸுக்குச் சாம்பிள் வந்ததாம், அப்பாவுக்கு ஒன்று கொடுத்தார்களாம். மூன்று நாள் வைத்துக் கிள்ளிக் கிள்ளித் தின்றேன். புகை மணம், நாக்கில் ஒரு காரம், பல்லில் கடிபடுகிற கடலை. சாக்லேட் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கையில் உறை இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

கல்லூரிக்காக மதுரைக்குப் போன முதல் மாதம், பேருந்து நிலையத்துக் கடையில் அந்தச் சாக்லேட் தொங்குவதைப் பார்த்தேன். வாங்கிக் கடித்தேன். வெறும் இனிப்பு, வழவழப்பு. புகையும் இல்லை, காரமும் இல்லை. கடைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, இது டூப்ளிகேட்" என்றேன். அவர் இன்னொன்றைப் பிரித்துக் காட்டினார். அதுவும் அப்படியே. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அக்காவிடம் சொன்னேன். அவள் கல்யாணமாகித் திருத்தங்கலில் இருந்தாள், மடியில் பெட்டிக்கட்டு. தலை நிமிராமல் சொன்னாள்: "கருப்பட்டியும் சுக்கும் வறுகடலையும் இடிச்சு வச்சேன். சிகரெட்டு டப்பா வெள்ளித்தாளு. உனக்கு நாக்கு செத்துக் கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு."

அந்த ஆண்டுகளில்தான் பின்நவீனத்துவம் என்ற சொல் தமிழில் சண்டைச் சத்தத்தோடு நடமாடியது. தமிழவனின் ஸ்ட்ரக்சுரலிசம் என்ற நூல் 1982-லேயே வந்திருந்தது. தொண்ணூறுகளில் நிறப்பிரிகை போன்ற சிற்றிதழ்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். விடுதி அறையில் யாராவது ஒருவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியாரைப் பற்றிப் பேசாத இரவு இல்லை. நிலத்துக்கு முன்னால் வரைபடம் வந்துவிடுகிறது, அசல் இல்லாமலே நகல் இருக்கிறது என்று அவர் 1981-இல் எழுதிய யோசனையை நண்பன் விளக்கியபோது, மற்றவர்களுக்கு அது தலைசுற்றலாக இருந்தது. எனக்கு வாயில் சுக்கு காரம் ஏறியது. பொருள்கள் நிரம்பி வழிந்த நாட்டில் பிறந்த யோசனை அது. பொருளே வந்து சேராத வீட்டில், சுவரில் ஒட்டிய உறையில், எனக்கு அது எட்டு வயதிலேயே நடந்திருந்தது. அசல்தான் எனக்குப் போலியாகப் பட்டது, அக்கா இடித்துவைத்த போலிக்குத்தான் என் நாக்கு விசுவாசமாக இருந்தது. இந்த வேறுபாடு முக்கியம் என்று அப்போதே தோன்றியது. இன்றும் அதைத்தான் நம்புகிறேன்.

பிறகு சினிமாவிலும் அந்த உறைகளே எதிர்ப்பட்டன. ழான் லுக் கொதாரின் 'அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்கள்' என்ற படத்தைப் பின்னொரு காலத்தில், கோடு கோடாக ஓடிய ஒரு பிரதியில் பார்த்தேன். 1966 கோடையில் எடுத்து 1967-இல் வெளியிட்ட படம். 'அவள்' என்பது ஒரு பெண். அதைவிட அதிகமாகப் பாரிஸ் நகரம். புறநகர் லா கூர்நவில் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ழூலியத் என்ற இல்லத்தரசி, கணவன், பிள்ளைகள். வீட்டுச் செலவுக்கும் உடுப்புக்கும் போதாமல் பகல் நேரத்தில் உடம்பை விற்கிறாள். அழுகை இல்லை, பெருந்துயரம் இல்லை. கடைக்குப் போவது போலப் போகிறாள். படத்தின் தொடக்கத்திலேயே இயக்குநர் காதருகே கிசுகிசுப்பது போன்ற குரலில், இவர் நடிகை மரீனா விலாடி என்று சொல்லிவிட்டு, அடுத்து இவள் ழூலியத் என்கிறார். கதைக்குள் நம்மை விழவிடாத குரல். மெஷினை நிறுத்தி லென்ஸ் வைத்துப் பார்க்கிற அப்பாவின் நிதானம் அதில் இருந்தது.

காப்பிக் கோப்பைக் காட்சியைப் பற்றிப் படம் பார்த்த எல்லோரும் பேசுவார்கள். கறுப்புக் காப்பி திரையை நிறைத்துச் சுழலும், நுரைக்குமிழ்கள் நட்சத்திர மண்டலம் போலக் கூடிப் பிரியும். எனக்கு அதையும் தாண்டிய இடம் கடைசிக் காட்சி. புல்வெளியில் சலவைத்தூள், வீட்டுச் சாமான் என்று பல சரக்குகளின் பெட்டிகளையும் பொட்டலங்களையும் நிறுத்திவைத்திருக்கிறார் கொதார். வண்ணவண்ணமாக, நெருக்கமாக, தெருவும் மாடிக்கட்டடமுமாக. படம் முழுக்கப் பார்த்த அந்தக் குடியிருப்பின் வடிவத்திலேயே ஒரு பெட்டி நகரம். பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் திண்ணை அது. காலித் தீப்பெட்டிகளின் மேல் வேஸ்ட் உறைகளை ஒட்டிக் கடை வைத்து விளையாடிய திண்ணை. ஒரு வரிசை சோப்பு, ஒரு வரிசை பிஸ்கட், நடுவில் தெரு. வாங்க வருகிறவன் பக்கத்து வீட்டுப் பையன், காசுக்குப் புளியங்கொட்டை. அங்கே எல்லாம் இருந்தது, தின்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று ஜான் கார்ப்பென்டரின் 'தே லிவ்', 1988-இல் வந்த ஹாலிவுட் படம். அடிதடிப் படமென்று ஒதுக்கிவிடுவார்கள், அப்படி ஒதுக்கக்கூடாத படம். வேலை தேடி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த கட்டடத் தொழிலாளி ஒருவன் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைக்கிறது. போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் நிறமெல்லாம் வடிந்து உலகம் கறுப்பு வெள்ளையாகிறது. விளம்பரப் பலகைகளில் படங்கள் மறைந்து, கீழ்ப்படி, வாங்கு என்று கட்டளைகள் மட்டும் நிற்கின்றன. பணத்தாளில், இதுதான் உன் கடவுள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காட்சியில் நான் நினைத்தது, நிறத்துக்கு அடியில் கறுப்பு வெள்ளைதான் என்று அப்பா சொன்ன ராத்திரியை. எங்கள் ஊரில் அதற்குக் கண்ணாடிகூட வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டுப் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். மேலே சாமி, கீழே கடைப் பெயருக்கான வெற்றிடம். எந்தக் கடையும் அந்த இடத்தில் உட்காரலாம். மார்கழி வரைக்கும் அப்பா சாமியையும் கடையையும் ஒரே தாளில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு குறை எனக்கு இந்தப் படங்களிடம் உண்டு. எல்லாமே வாங்குகிறவரைப் பார்க்கின்றன. வாங்குகிறவரின் ஏக்கம், ஏமாற்றம், விழிப்பு. பிரெடெரிக் ஜேம்சன் பின்நவீனத்துவம் பற்றி 1984-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இரண்டு காலணிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். வான்கோ வரைந்த தேய்ந்த காலணிகளில் ஓர் உழவரின் மண்ணும் உழைப்பும் தெரிகின்றன. ஆண்டி வாரோலின் வைரத்தூள் காலணிகள் மின்னுகின்றன, யாருடைய காலும் அவற்றில் இல்லை. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லேபிளும் அப்படித்தான் மின்னும். அதில் விரல் கிடையாது. உரித்து நான் விளையாடிய பசைத்தோலில்தான் விரல் இருந்தது, ரேகையோடு.

குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986-இல் வந்தது. அப்போது அக்காவுக்குப் பதினேழு. சட்டத்துக்கு அவள் குழந்தை இல்லை. 1990-இல் சலம் பென்னூர்க்கர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். மதுரையில் ஒரு திரையிடலில் பார்த்தேன். படம் முடிகிற வரைக்கும் அக்காவின் முகத்தையே தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதில் இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் தேடினேன். விளக்கைப் போட்டதும் பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார், எனக்குப் பேச்சு வரவில்லை.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015-இல் தியேட்டருக்கு வந்தபோது அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்டவாளத்தோரம் விழுந்த கரியைப் பொறுக்கி விற்கிற இரண்டு சென்னைச் சிறுவர்கள், அவர்கள் விளையாடிய இடத்தில் முளைத்த பீட்சாக் கடை, அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் பீட்சா விளம்பரம். நோட்டீஸ் ஒன்று அவர்கள் கைக்கு வருகிறது. ஆயா அந்த நோட்டீஸ் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தோசையின் மேல் காய்களை அடுக்கி ஒரு பீட்சா செய்து கொடுக்கிறாள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, படத்தில் இருப்பதுபோல நூல் நூலாக வரவில்லை. தியேட்டர் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இருட்டில் என் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கடைசியில் அசல் பீட்சாவைத் தின்ற பிள்ளைகள் ஆயாவின் தோசையே தேவலை என்று பேசிக்கொண்டபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில், "சுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு அன்னிக்கு" என்றாள்.

என்னிடமிருந்த பிரெஞ்சுப் படத்தை அவளுக்குக் காட்டவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முழுப் படம் அவளுக்கு எதற்கு, மொழியும் இல்லை. அடுத்த தடவை திருத்தங்கல் போனபோது லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துக் கடைசிக் காட்சியை மட்டும் ஓட்டினேன். கேமரா மெல்லப் பின்வாங்க, புல்லின் மேல் பெட்டிகள் தெருத்தெருவாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், திரும்பத் தொடக்கத்துக்கே வந்துவிட்டேன் என்பது போல அந்தக் கிசுகிசுப்புக் குரல் பேசிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பல ஆண்டுகளாக அவள் பெட்டி ஒட்டுவதில்லை, விரல் நுனி மட்டும் இன்னும் மழமழப்பாக, ரேகை தேய்ந்து இருக்கிறது. அந்த விரலால் திரையில் ஒரு பெட்டியைத் தொட்டாள்.

"சரக்கு இருக்கா உள்ள, காலிப் பெட்டியா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

"சரக்கு இருந்தா அடியில புல்லு மடங்கிக் கிடக்கும். திரும்பப் போடு, பாப்போம்."

திரும்பப் போட்டேன். இரண்டு பேரும் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.